உப்பு விற்ற தூதர்

ஒரு காலத்தில் செம்பரை நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒரு கட்டளை போடுவார். சாப்பிட்டு எழுந்ததும் அதையே ரத்து செய்வார். மந்திரி சாத்தப்பர்தான் இரண்டுக்கும் நடுவே நாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடுவனூர் ராஜாவின் தூதராக விடங்கசேனன் அங்கே வந்து சேர்ந்தார். தூதர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அந்த மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது. கள் குடித்தார். கோயில் குளத்தில் கோவணமில்லாமல் நீந்தினார். ஒரு செவ்வாய்க்கிழமை கடைவீதியில் தேரை விரட்டி, உப்பு விற்கும் உமைச்சியின் காலை முறித்தார். தடுத்த காவலனின் காதைக் கடித்தார்.

உமைச்சியைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கி வந்தார்கள். "கால் வலியைப் பொறுத்துக்குவேன் சாமி. மூணு பிள்ளைங்களுக்கு யார் கஞ்சி ஊத்துறது?" என்றாள்.

"அந்த ஆளைக் கட்டி இழுத்து வாருங்கள்" என்று ராஜா கொதித்தார்.

மந்திரி பதவிமேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்த தளவாய் ஏகாம்பரம் குனிந்து, "தூதரைத் தொட்டால் போர் வரும் அரசே. கடுவனூரில் எண்ணூறு யானை" என்றார்.

ராஜா சட்டென்று தணிந்தார். "கட்ட வேண்டாம். மந்திரியாரே, தூதரைத் தொடவும் கூடாது, இவளுக்கு நியாயமும் கிடைக்க வேண்டும். நாளைக்குள் முடியாவிட்டால் உமது பதவி தளவாய்க்கு."

மறுநாள் தூதர் வெற்றிலை மென்றபடி சபைக்கு வந்தார்.

"தங்களை ஏன் தொடக் கூடாது ஐயா?" என்று சாத்தப்பர் பணிவாகக் கேட்டார்.

"இந்த மண்ணில் நான் செய்வதெல்லாம் என் ராஜா செய்வது, மந்திரியாரே."

"மிகச் சரி" என்றார் தளவாய்.

"அப்படியானால் உங்கள் ராஜாவுக்கு இந்தக் கடிதம் இன்றே போகிறது. பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று சாத்தப்பர் படித்தார். "கடுவனூர் வேந்தர் சமூகத்துக்கு. தாங்கள் செவ்வாய்க்கிழமை கள் குடித்து, தேரோட்டி, ஓர் ஏழையின் காலை முறித்தீர்கள். காவலனின் காதைக் கடித்தீர்கள். தாங்கள் அம்மணமாக நீந்தியதை ஊரே பார்த்தது..."

தூதருக்கு வெற்றிலை புரையேறியது. "இதை அனுப்பினால் என் தலை போய்விடும். குடித்தது நான், கடித்தது நான். ராஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை."

"தூது வேலையாகச் செய்ததும் இல்லையா?"

"இல்லவே இல்லை."

"அப்படியென்றால் இது தூதர் செய்த குற்றமில்லை, விடங்கசேனன் செய்தது. தூதரை நாங்கள் தொட மாட்டோம். விடங்கசேனனை விசாரிப்போம். கடிதம் போகட்டுமா, தீர்ப்பைக் கேட்கிறீர்களா?"

தூதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தீர்ப்பே சொல்லுங்கள்."

உமைச்சியின் கால் கூடும்வரை அவள் கூடையை விடங்கசேனன் சுமந்து உப்பு விற்க வேண்டும், வருவதெல்லாம் அவளுக்கே என்று தீர்ப்பானது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"தூதரின் கௌரவம் என்னாவது அரசே?" என்று தளவாய் முனகினார்.

"அதுவும் நியாயம்தான். நீர் அவருக்குக் குடை பிடியும்."

கடிதம் மந்திரியின் பெட்டியில் இருந்ததால், தூதர் தன் ஊருக்கு ஒரு புகாரும் அனுப்பவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் உச்சிவேளைக்கு முன்பே உப்பு தீர்ந்துபோனது. வீதி முனையில் கட்டிலில் காலை நீட்டியிருந்த உமைச்சிக்கு மட்டும் ஒரு குறை.

"தளவாய் ஐயா, குடையை நேராப் பிடிங்க. அவர் வேர்வை உப்புல சொட்டுது."