கையை விட்டவன்

கோமதி ஒரு நாடகக் குழுவை நடத்திவந்தாள். மாசிலாமணி கதைகள் எழுதுபவர். அவளைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாக அவரையே ஆசானாகக் கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவரிடம் கேட்டாள். "ஐயா, உங்க கடல் கதையை நாடகமாக்கிட்டேன். எழுத்துல நிறைவா இருக்குறதை மேடைக்குக் கொண்டுவர்றதுல ஏதாவது பயன் இருக்கா? இல்ல, இது வெறும் என் ஆசையா?"

"எங்க போடப்போற?"

"மதுரையில. பெரிய அரங்கம்."

"முதல்ல மணல்துறையில போடு."

கோமதி தயங்கினாள். கதை உண்மையில் நடந்த ஊர் அது.

"நீங்களும் வருவீங்களா?"

"வர்றேன்" என்றார் அவர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மணல்துறை சந்தியாகுவும், அவர் தங்கை ரெஜினாவின் கணவர் மிக்கேலும் கடலுக்குப் போனார்கள். காற்றில் வள்ளம் கவிழ்ந்து மூழ்கியது. பிடித்துக்கொள்ள மிதந்தது ஒரு காலி டீசல் கேன் மட்டும். அது ஒருவரைத்தான் தாங்கும். மச்சான் பிழைக்கட்டும் என்று மிக்கேல் தானே கையை விட்டுவிட்டார். கரை சேர்ந்த சந்தியாகு சொன்னது இதுதான். அந்த வாரமே அவரைப் போய்ப் பார்த்து, பெயர்களை மட்டும் மாற்றி மாசிலாமணி கதை எழுதினார். படித்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். மணல்துறையில் அதைப் படித்தவர் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. ரெஜினா முன்வரிசையில் இருந்தாள். சந்தியாகு கடைசியில், பூவரச மரத்தில் சாய்ந்து நின்றார்.

இரண்டு நடிகர்கள் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு தத்தளித்தபோது மைதானத்தில் பேச்சு நின்றது. பெண்கள் ரெஜினாவைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

"மச்சான், நீங்க பொழைச்சுக்கோங்க" என்று ஒரு நடிகன் கேனிலிருந்து கையை எடுத்தான்.

"நிப்பாட்டுங்க!"

சந்தியாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேடையில் ஏறினார். தடுக்க ஓடிய கோமதி, ஆசானைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார்.

மூழ்கியவனாகக் கிடந்த நடிகனைச் சந்தியாகு தூக்கி உட்காரவைத்தார்.

"திரும்பப் பிடி."

"எதை?"

"கேனை. அப்படி இல்ல, இறுக்கிப் பிடி. விட்டா செத்துருவ. அப்படிப் பிடி."

நடிகன் பிடித்தான். சந்தியாகு அவனுடைய சுண்டுவிரலைப் பிரித்தார். பிறகு அடுத்த விரலை. அவனுக்கு வலித்தது. ஆனால் கத்தவில்லை. மூன்றாவது விரலில் சந்தியாகுவின் கை நின்றுவிட்டது.

"அவன் விடல" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நான்தான் பிரிச்சேன்."

ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. நாலைந்து ஆண்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். ரெஜினா எழுந்து கையை நீட்டினாள். அவர்கள் நின்றார்கள். அவள் மேடையோரம் வந்தாள்.

"அண்ணே, அவரு தானா விடலியா?"

"விடல, தங்கச்சி."

"கடைசிவரைக்கும் பிடிச்சிருந்தாரா?"

"பிடிச்சிருந்தான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கைப்புள்ளையோட இருந்த என்னைய நினைக்காம, உனக்காகக் கைய விட்டுட்டாரேன்னு இருந்தேன். பன்னிரண்டு வருசமா அவரு மேல கோவம். கல்லறைத் திருநாளுக்குக்கூட அவருக்குன்னு ஒரு மெழுகுதிரி ஏத்துனதில்ல, அண்ணே."

அதற்குமேல் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தைக் கடந்து மாதா கோயில் பக்கமாக நடந்தாள். யாரும் பின்னால் போகவில்லை. சந்தியாகு தானே இறங்கி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றார். அவர்கள் அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

மைதானம் காலியானது. கோமதி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இதைத் தொட்டிருக்கக் கூடாது, ஐயா. புத்தகத்துல எவ்வளவு அழகா இருந்துச்சு. அப்படியே இருந்திருந்தா அண்ணன் தங்கச்சி உறவாவது மிஞ்சியிருக்கும்."

மாசிலாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கதைக்காகப் பார்க்கப் போன அன்னைக்குச் சந்தியாகு கையில நகக்கீறல் இருந்துச்சு, கோமதி" என்றார். "பார்த்தேன். கேக்கப் பயந்துதான் அவ்வளவு அழகா எழுதினேன்."