செவலையைப் புதைத்த நாள்

"மூணு வருசமா தினம் பாறை ஏறறேன். தினம் நோட்டுல சைபர். எதுக்கும்மா இந்த வெட்டி வேலை?"

கேட்டவர் பொம்மையன், ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி கம்பவுண்டர். மாயாற்றங்கரையில் குடில் போட்டிருந்த துறவி மாதேவியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் மாதேவிதான் குரு.

"இன்னிக்கும் ஏறுங்கய்யா" என்றார் மாதேவி.

இப்படிப்பட்ட குருவோடு சண்டைகூடப் போட முடியாது.

ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு வானமெங்கும் பாறுக் கழுகுகள். இப்போது அவை அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் இருக்கின்றன. அதனால் குடிலில் மாடு செத்தால் புதைப்பதில்லை. கழுகுக்கென்று பாறையடியில் கிடத்திவிடுவார்கள். தினம் பாறை ஏறி, எத்தனை கழுகு வந்தது என்று பார்த்து நோட்டில் எழுதுவது பொம்மையன் வேலை.

அந்த வாரம் கிழப்பசு செவலை செத்தது. கிடத்தினார்கள்.

மறுநாள் காலை பொம்மையன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வந்துருச்சும்மா! ரெண்டு பாறு! வட்டம் போடுது!"

மாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இறங்கிருச்சா?"

"இன்னும் இல்ல..."

சொல்லும்போதே பொம்மையனின் முகம் வெளுத்தது.

"அம்மா, செவலை வலியில கத்துச்சு. மனசு கேக்கல. மனுசனுக்குப் போடற வலி ஊசி ஒண்ணு போட்டுட்டேன்."

"எப்போ?"

"சாகறதுக்கு முந்தின நாள்."

அந்த ஊசி ஏறிய மாட்டைத் தின்றால் பாறு பிழைக்காது. குடிலுக்கு வந்த முதல் நாளே மாதேவி அவரிடம் சொன்னது அது.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலம்மா. எந்தக் கழுகு வரப்போகுதுன்னு நினைச்சுட்டேன்."

மாதேவி திட்டவில்லை. கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பொம்மையன் செவலைக்குப் பக்கத்திலேயே தோண்டினார். சரளை மண். கடப்பாரை எகிறி எகிறி விழுந்தது. கழுகுகள் தாழும்போதெல்லாம் மாதேவி மேல்துண்டை வீசி விரட்டினார். மூன்று வருடம் காத்திருந்து வந்த விருந்தாளிகள்!

உச்சிவெயிலில் பொம்மையனின் உள்ளங்கை கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தோண்டினார். தான் தோண்டுவதாக மாதேவி மண்வெட்டியைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்.

வெயில் சாயும்போது இருவருமாகச் செவலையைக் குழிக்குள் புரட்டித் தள்ளி மூடினார்கள்.

கழுகுகள் ஆற்றைத் தாண்டிப் போயின. பசியோடுதான் போயின.

பொம்மையன் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்.

மாதேவி நோட்டை அவர் மடியில் வைத்தார்.

"எழுதுங்கய்யா."

"என்னத்தம்மா எழுத? இறங்கவே இல்லியே."

"ரெண்டு. உயிரோட."