மடுவில் மிதந்த மீன்கள்

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், மடுவின் கரையோரம் ஒரு பூந்திக்கொட்டை மரம் நின்றது, குழந்தைகளே. பட்டுப்புடவை அலசவும் வெள்ளிக் கொலுசு தேய்க்கவும் உங்கள் வீட்டில் ஊறப்போடுகிறார்களே, அந்தக் காய்தான். கோடை நெருங்கினால் காய்கள் பழுத்துச் சுருங்கிக் கீழே உதிரும்.

மான்களும் பன்றிகளும் அவற்றைப் பாறைக்குழித் தண்ணீரில் போட்டு மிதிக்கும். பொங்கும் நுரையில் புரண்டு உண்ணியைப் போக்கிக்கொள்ளும். ஆனால் அந்த நுரை ஒரு சொட்டுகூட மடுவில் விழக்கூடாது, மணலில்தான் வடிய வேண்டும். அது அந்தக் காட்டின் வழக்கம்.

மடுவில் கயலி என்ற நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அந்த வருடம் மழை பொய்த்தது. மடு வற்றிச் சுருங்க, மீன்கள் பாறை இடுக்குகளில் பதுங்கிக்கொண்டன. பகலெல்லாம் முங்கினாலும் மூன்று மீன் கிடைப்பதே பெரும்பாடு. அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கயலி பட்டினி கிடந்தது.

அங்கே ஒரு நரி வந்தது. அதற்கு மீன் என்றால் உயிர், தண்ணீரில் இறங்கத்தான் பயம்.

"என்ன கயலி, இப்படித் துரும்பாய் இளைத்துவிட்டாய்?"

"மீன் இடுக்கை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது, நரியண்ணே."

"வரவழைத்தால் போயிற்று. நேற்று கொக்கின் வாயிலிருந்து நழுவிய கெண்டை ஒன்று, பன்றி குளித்த குழியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மயங்கி மிதந்தது. நான்தான் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே."

கயலிக்குப் புரிந்துவிட்டது. "நுரை மடுவுக்குள் போகக்கூடாதே, அண்ணே?"

"குட்டிகள் பசித்து அழும்போது வழக்கம் வந்து சோறு போடுமா?"

பெற்ற வயிறு, பாவம், அதற்குமேல் யோசிக்கவில்லை. நரி காய்களைப் பொறுக்கி வந்தது. கயலி கல்லால் நசுக்கி நசுக்கி மடுவில் கரைத்தது. தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்தது. உச்சிவேளைக்குள் கெண்டை, கெளுத்தி, ஆரல் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பயறளவுக் குஞ்சுகளும் கூடவே மிதந்தன.

குட்டிகள் வயிறு புடைக்கத் தின்றன. நரியும் மூக்குமுட்டத் தின்றது. மிஞ்சியதுதான் அதிகம். மறுநாள் வெயிலில் அது அழுகி நாறியது.

மூன்றாம் நாள் கயலி மடுவில் இறங்கி ஒவ்வோர் இடுக்காகத் துழாவியது. ஒரு குஞ்சுகூட இல்லை. பதறிப்போய் நரியிடம் ஓடியது.

"எனக்கு எலி உண்டு, ஓணான் உண்டு. உனக்கு இந்த மடு ஒன்றுதான் கதி என்று நீயல்லவா நினைத்திருக்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டு நரி தன் வழியே போனது.

கயலிக்கு நரிமேல் ஆத்திரம் வந்தது. ஆனால் நசுக்கிய கை தன் கைதானே என்று நினைத்து, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மீன் உள்ள ஆற்றைத் தேடிக் கிளம்பியது.

ஆறு இரண்டு மலைக்கு அப்பால் இருந்தது. கொதிக்கும் பாறைகளின்மேல் கயலி மூன்று குட்டிகளையும் நடத்திக்கொண்டு போனது. கடைக்குட்டி நடக்க முடியாமல் விழுந்தது. கயலி அதை வாயில் கவ்விக்கொண்டு நடந்தது. இரண்டாவது மலை இறங்குமுன் அந்தக் குட்டியின் மூச்சு நின்றுவிட்டது.

ஆற்றில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கயலி இரண்டு குட்டிகளுக்கும் ஆளுக்கொரு மீன் பிடித்துக் கொடுத்தது. பிறகு மூன்றாவதாக ஒன்றைப் பிடித்து, யாருக்கும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

நீதி: ஒருநாள் பசிக்காக வாழ்வாதாரத்தையே அழிப்பவர், தம் பிள்ளைகளின் நாளையையும் சேர்த்தே அழிக்கிறார்.