சிவப்புப் பெட்டியில் ஒற்றைப் பூட்டு

பேய்க்கதை கேட்க வந்தவர்கள் எழுந்து போகலாம். இதில் பேய் கிடையாது. பேயே தேவலை என்று நினைக்கவைக்கும் ஓர் இரும்புக் கூடு உண்டு.

கடலோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில், மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது அது. ஈ.எஸ்.பி. என்பார்கள். கொதிகலனிலிருந்து வரும் புகை, முதலில் தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே நுழைந்து தன் சூட்டை இறக்கிவைக்கும். அந்தச் சூட்டில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீர் காயும். சூடு தணிந்த புகை கூட்டுக்குள் வந்ததும், பல்லாயிரம் வோல்ட் பாயும் கம்பிகளும் தகடுகளும் சேர்ந்து சாம்பலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சூடு தணியாமல் வந்தால் சாம்பல் நழுவிவிடும்.

அப்படி இரண்டு உண்டு: இடப்பக்கம் ஒரு கூடு, வலப்பக்கம் ஒரு கூடு. அன்று இடப்பக்கக் குழாய் ஒழுகி, சாம்பல் நனைந்து, தகடெல்லாம் சிமெண்டாக இறுகிவிட்டது. குழாயை அடைத்துவிட்டு உச்சிமாகாளி, மிக்கேல், இசக்கிராஜ் என்று மூன்று பேர் உள்ளே போய்ச் சுரண்டினார்கள். மொத்தப் புகையும் வலப்பக்கம் பாய்ந்தது. அத்தனை சூட்டை வாங்க அந்தப் பக்கத்துக் குழாய்களால் ஆகவில்லை. பக்கத்திலிருந்த உப்பளக் குடியிருப்பின் மேல் சாம்பல் கொட்டியது.

இடப்பக்கக் கூட்டுக்குக் கரண்ட் கொடுக்க ஒரே சாவிதான். அது தரைத்தளத்தில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் இருக்கும். கூட்டுக்குள் போகிறவர் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பெட்டி திறக்கும். காவலுக்கு நின்றவள் உதவிப் பொறியாளர் சந்தனமாரி. அவளுக்கும் ஒரு பூட்டு உண்டு. பெல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு உச்சிமாகாளியும் மிக்கேலும் இறங்கிவந்து தங்கள் பூட்டுகளைக் கழற்றினார்கள். உச்சிமாகாளி முகம் கழுவப் போனான். ஒரு பூட்டு மட்டும் தொங்கியது.

"இசக்கி எங்க?"

மிக்கேல் முழித்தான். "முன்னாடியே எறங்கியிருப்பான்னுல்லா நெனச்சேன் மேடம்."

சந்தனமாரி இசக்கிராஜுக்குப் போன் போட்டாள். மேசை மேல் அவன் விட்டுப்போன போனே பாட்டுப் பாடியது.

ஒரு பூட்டு கழறவில்லை என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னாள். அதிகாரி போனில் கத்தினார். "ஏம்மா, உப்பளத்துப் பொம்பளைங்க கேட்ல நிக்கிறாங்க. குழம்புச் சட்டியில சாம்பல் விழுதாம், பிள்ளைங்க இருமுதாம். பூட்ட வெட்டும்மா, நான் பாத்துக்கிறேன்!"

"உள்ள ஆள் இருந்தா சார்?"

போனை மேசையில் வைத்தாள்.

அவள் திரும்பினால், மிக்கேல் பாதி ஏணியில் இருந்தான்.

"மிக்கேல்! பூட்டப் போட்டுட்டுப் போ!"

"இசக்கி பூட்டு தொங்குதுல்லா மேடம்! ரெண்டு பேருக்கும் அதே போதும்!"

அவள் அவனைத் தடுக்கவில்லை. சாம்பல் சரிந்து இசக்கி மூக்குவரை புதைந்து கிடப்பதுதான் அவள் கண்ணில் நின்றது. பின்னாலேயே ஏறினாள். நுழைவாய்க்குள் ஒரே இருட்டு. மிக்கேலின் விளக்கு நாலாவது தகட்டுக்குப் பின்னால் திரும்பி மறைந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரலே தகடு தகடாகத் தட்டித் திரும்பி வந்தது.

டார்ச் எடுக்கக் கீழே ஓடிவந்தாள். மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் இசக்கிராஜ்!

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி வாரீங்க? வயிறு கலக்கிட்டு. ஓடுன ஓட்டத்துல பூட்டு எங்க ஞாபகம்? உச்சி அண்ணன் 'மூதி மூதி'ன்னு திட்டித் தீத்துட்டாரு."

அவள் சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். வாயைப் பிளந்து கிடந்தது.

"பூட்டு எங்கலே?"

"எம் பூட்டத்தான் எடுத்துட்டேனே. சாவிய அண்ணன் கொண்டு போயிட்டாரு, கரண்ட் குடுக்க."

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. சுவிட்ச் அறைக்குள் உச்சிமாகாளி காதில் போனை இடுக்கிக்கொண்டு நின்றான். "ஒரு பூட்டும் இல்ல சார். மிக்கேலும் என்கூடத்தான் எறங்குனான். குடுக்கலாம்." அவன் கை சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தது. சந்தனமாரி அந்தக் கையின் மேல் விழுந்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். பூட்டை மறந்து ஓடினான் இசக்கிராஜ். பூட்டுப் போடாமல் நுழைந்தான் மிக்கேல். பூட்டை மட்டும் எண்ணிவிட்டு ஆளை எண்ணாமல் சாவியைத் திருப்பினான் உச்சிமாகாளி. மிக்கேல் கருகியிருந்தால், அந்தப் பழி யாருடையது?

விடை: நான் மூன்று பெயர் சொன்னேன் என்பதற்காக மூன்றுக்குள்ளேயே தேடினீர்களா? பழி சந்தனமாரியுடையது. உள்ளே ஆள் இருப்பது இசக்கிக்குத் தெரியாது, உச்சிமாகாளிக்கும் தெரியாது. மிக்கேலோ தன் உயிரை மட்டுமே பணயம் வைத்தான். ஆள் உள்ளே, அவன் பூட்டு பெட்டியில் இல்லை என்று இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன் பூட்டைப் பெட்டியில் மாட்டிவிட்டு ஏறியிருந்தால் போதும். சாவி பாதியில் நின்றதால் மிக்கேல் பிழைத்தான். நடந்ததை எழுதித் தரச் சொன்னபோது அவள் தன் பெயரைத்தான் முதலில் எழுதினாள்.