மரத்தடியில் ஒரு மணி நேரம்

"சொன்னால் கேட்பதில்லை, அம்மா. பிறகு செத்துப்போகிறார்கள்."

டாக்டர் குலசேகரன் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயம்மாளிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது பல வருடப் பழக்கம். தாயம்மாள் அவரைவிட இளையவர். ஆனாலும் குலசேகரன் அவரைத்தான் குரு என்று நினைத்திருந்தார்.

"யார் செத்தது?"

"மரகதம் என்று ஒரு பெண். வீட்டு வேலை செய்கிறவள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. பூங்காவில், மரத்தடியில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி எழுதியே கொடுத்தேன். சர்க்கரை இறங்கவில்லை. போன மாதம் திட்டினேன். உயிர் மேல் ஆசை இல்லையா என்று கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"சரி சார் என்றாள். அவ்வளவுதான். வியாழக்கிழமை இறந்துவிட்டாளாம். இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது?"

தாயம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கே, அம்மா?"

"துக்கம் கேட்டுவிட்டு வருவோம்."

மரகதத்தின் வீடு இருந்த சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தகரக் கூரைகள் அனலைக் கக்கின. ஒரு தொட்டிச் செடி வைக்கக்கூட இடமில்லை.

மரகதத்தின் கணவர் ஏழுமலை வாசலில் இருந்து எழுந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா சார்."

தாயம்மாள் கேட்டார். "மரகதம் நடக்கப் போனாளா?"

"போனாம்மா. சார் திட்டுனதுலேர்ந்து ஒரு நாளும் விடல."

குலசேகரன் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கே நடந்தாள்?" என்றார் தாயம்மாள்.

"வேலை செய்யுற அப்பார்ட்மெண்ட் பக்கத்துல பெரிய பார்க் இருக்கு. இவ வேலை முடிச்சு வர்றப்ப மணி பன்னெண்டு ஆயிடும். அவங்க பத்துக்கே பூட்டிடுவாங்க. திரும்பச் சாயங்காலம்தான் திறப்பாங்க. அந்நேரம் இவளுக்கு வேற வீட்டுல வேலை."

"அப்புறம்?"

"சுவரை வெளியில சுத்தி நடந்தா. உள்ள இருக்குற மரம் அங்கங்க வெளிய எட்டிப் பாக்கும்ல, அந்த நிழலாப் பாத்து நடப்பாளாம்."

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை அங்கியே விழுந்துட்டா. வெயில் தாங்கல சார்."



"எங்கே அடக்கம் செய்தீர்கள்?" என்றார் தாயம்மாள்.

ஏழுமலை அழைத்துப் போனார். இரண்டு தெரு தள்ளி இடுகாடு. உள்ளே வேம்பும் புங்கமும் அடர்ந்திருந்தன. சமாதிகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் சிமெண்டுப் பலகைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குலசேகரன் தயங்கி நின்றார். "இவர்கள் எல்லாம்..."

"எங்க ஏரியாவுல மரம் இங்கதான் சார் இருக்கு. இங்கியே நடன்னு அவகிட்டயும் சொன்னேன். சீட்டுல பார்க்குன்னுதானே எழுதியிருக்கு, டாக்டருக்குத் தெரிஞ்சா மறுபடியும் திட்டுவாருன்னா."

புங்க மரத்தடியில் மண் இன்னும் இறுகவில்லை. தாயம்மாள் அதன் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

குலசேகரன் வெயிலிலேயே நின்றார்.

"நான் என்ன எழுதியிருக்க வேண்டும், அம்மா?"



ஏழுமலை தன் துண்டால் பக்கத்துச் சமாதியின் தூசியைத் தட்டினார்.

"வெயில்ல நிக்காதீங்க சார். இப்படி வந்து உக்காருங்க. இங்க யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்லமாட்டாங்க."