வாசலைத் தாண்டும் வித்தை

ஒரு பச்சைச் சட்டை பெரிய டாக்டரையே என்ன பாடுபடுத்தியது தெரியுமா?

அரசு மனநல மருத்துவமனை அது. நிலத்துக்கு ஆசைப்பட்டுக் கொழுந்தன் கொண்டுவந்து அடைத்தவள் செல்லக்கிளி. பார்வையிட வந்த நீதிபதியிடம், "எனக்குப் பைத்தியமில்லைங்கய்யா, வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள்.

பெரிய டாக்டர் சிரித்தார். "இங்கே எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பைத்தியமில்லைன்னு நிரூபி, பார்க்கலாம்."

"எனக்குத் தெரியலைங்க. படிச்சவங்க நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்க. நோயாளிங்க போடுற பச்சைச் சட்டையை மாட்டிக்கிட்டு வாசலைத் தாண்டுங்க. என்ன சொல்லித் தாண்டுறீங்களோ, அதையே நானும் சொல்லிக்கிறேன்."

நீதிபதி முன்னால் டாக்டரால் பின்வாங்க முடியுமா? கோட்டைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டையோடு விறுவிறுவென்று போனார். வாசலில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி கையைப் பிடித்தான்.

"விடுடா, நான்தான் பெரிய டாக்டர்!"

"காலையிலே ஒருத்தர் கலெக்டர்னாரு. உள்ளே போங்க."

டாக்டர் கத்தினார், திமிறினார். காவலாளி அவரைச் சுவரோடு அமுக்கிக்கொண்டு, ஊசி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

செல்லக்கிளி பக்கத்தில் வந்தாள்.

"கத்தாதீங்கய்யா. வந்த அன்னைக்கு நானும் இப்படித்தான் கத்தினேன். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பைத்தியம்னு சொன்னீங்க."