ஆயிரத்தொன்பது எறும்புகள்

குளக்கரை மருதமர வேரில் ஒரு கறுப்பெறும்புக் கூட்டம் வாழ்ந்தது. மூன்று நாள் மழையில் குளம் நிறைந்து, தண்ணீர் வளையின் வாயை நெருங்கிவிட்டது.

மேட்டில் கிடந்த பனங்கட்டைக்குக் குடிபெயர வேண்டும். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சமமான வரிசைகளாகத்தான் கிளம்புவார்கள். எந்த வரிசையிலும் சேராமல் மிஞ்சுபவர் பழைய வளைக்குக் காவல் இருக்க வேண்டும். இந்த முறை காவல் இருப்பவருக்குச் சாவு நிச்சயம்.

எண்ணும் வேலை குருணைக்கு. கூச்சக்காரி, நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆனால் எதையும் இரண்டு தடவை எண்ணாமல் விடமாட்டாள். தன்னையும் சேர்த்து ஆயிரத்தொன்பது பேர்.

“இரண்டிரண்டாக நில்லுங்கள்!” என்று அதட்டினாள் தலைவி வீராயி.

ஒருத்தி மிஞ்சினாள். மும்மூன்றாக நின்றார்கள், ஒருத்தி மிஞ்சினாள். நான்கு நான்காக, ஆறாறாக, ஏழேழாக நின்றபோதும் அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் மிஞ்சியவள் சடைச்சி. ஒரு கால் ஒடிந்தவள். நொண்டி நொண்டிக் கடைசியில்தான் வந்து நிற்பாள்.

“எதிலும் ஒட்டாத பிறவி!” என்று சிரித்தார்கள் சிலர்.

“இவள் இல்லையென்றால் ஆயிரத்தெட்டு! இரண்டோ, மூன்றோ, ஏழோ, பாந்தமாகப் பிரியும்!”

“ஐந்தைந்தாக நின்று பார்க்கலாமா?” என்று மெல்லக் கேட்டாள் குருணை.

நின்றார்கள். நாலு பேர் மிஞ்சினார்கள். அதில் மூன்று பேர் இவ்வளவு நேரம் சிரித்தவர்கள்.

“ஐந்து வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!” என்று அவர்களே கத்தினார்கள்.

“விடு குருணை,” என்றாள் சடைச்சி. “ஐந்து காலோடு நான் எவ்வளவு தூரம் வந்துவிடுவேன்? நீங்கள் கிளம்புங்கள்.”

அவள் குரல் நடுங்கியது குருணைக்குக் கேட்டது. எட்டு, ஒன்பது, பத்து என்று முப்பத்தொன்று வரை மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். எதிலும் மிச்சமில்லாமல் வரவில்லை. இன்னும் நீளமான வரிசைகள் என்றால் அவற்றின் எண்ணிக்கை குறையும். அந்தச் சின்ன எண்களைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே!

“வீராயி அக்கா, சடைச்சியை முன்னால் நிறுத்துங்கள்.”

“நேரமில்லை, போ!”

“ஒரே ஒரு தடவை அக்கா.”

சடைச்சி முன்னால் போனாள். மறுபடி ஏழேழாக நின்றார்கள். இப்போதும் ஒருத்தி மிஞ்சினாள். இந்தத் தடவை எல்லோரையும் வரிசைப்படுத்திவிட்டுக் கடைசியில் வந்து நின்ற வீராயி!

“நானா? நான் எப்படி மிஞ்சுவேன்?”

“யாராவது ஒருத்தி மிஞ்சத்தான் செய்வாள் அக்கா. குறை சடைச்சியிடம் இல்லை. ஆயிரத்தொன்பது எந்தச் சம வரிசைக்கும் பிரியாத எண்.”

வீராயி தண்ணீரைப் பார்த்தாள். அதட்டல் அடங்கிவிட்டது. “அப்படியானால்... என்னை விட்டுவிட்டுப் போவீர்களா?”

“யாரையும் விட வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையாகப் போவோம். அதில் மிச்சமே கிடையாது!”

வீராயி சடைச்சியிடம் வந்தாள். “என் பின்னாலேயே வா. வலித்தால் சொல்லு, நிற்கிறேன்,” என்றாள்.

கடைசி எறும்பு மேடேறியபோது வளைக்குள் தண்ணீர் புகுந்தது. பனங்கட்டையில் ஆயிரத்தொன்பது பேரும் இருந்தார்கள்.

ஒருவர் மிஞ்சுகிறார் என்று அவரை ஒதுக்குவதற்கு முன், நாம் வரிசை பிடித்த முறை சரிதானா என்று பார்ப்பதே நியாயம்.